மாவு பொங்காத அறை

சோலைக்கரடு எஸ்டேட் ஆபீஸின் இரும்பு அறையில் இருந்த கம்ப்யூட்டர், அந்தத் திங்கட்கிழமையும் யாரையும் அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது.

கம்ப்யூட்டர் கம்பெனியின் ரிப்பேர் ஆள் நாச்சிமுத்து பொள்ளாச்சியில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏறி வந்திருந்தான். வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வந்து திரும்பிப் போயிருந்தது. தோள்பையை ஆபீஸ் படியில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு காலத்தில் ரோட்டோரம் கேபிள் பதிக்கக் குழி வெட்டிய இடுப்பு அது. இப்போது பை தூக்குகிற வேலைதான் என்றாலும் இடுப்புக்கு அது தெரியவில்லை. அவன் வந்த பஸ்தான் அன்றைக்கு மலை ஏறிய கடைசி வண்டி என்பதும் அவனுக்கு அப்போது தெரியாது.

"வாங்கண்ணே," என்றாள் கிளார்க் ஹெலன். "உங்க ஆளு இன்னைக்கும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. நான் யாருன்னு அதுக்குத் தெரியாதாம். பதினாறு வருசமா இந்த நாற்காலியில உக்காந்து தேஞ்சவ நான்."

"கோவிச்சுக்காதீங்கோ. அதுக்கு நீங்க யாருங்கறதுல சந்தேகமில்லீங்க. மணி என்னாங்கறதுலதான் தகராறு."

"மணி தப்பா இருந்தா ஆளே இல்லன்னு ஆயிருமா?"

நாச்சிமுத்து பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்தான். "இப்படி வெச்சுக்கோங்க. நீங்க உள்ள போறதுக்கு நம்ம மெயின் கம்ப்யூட்டர் ஒரு சீட்டுக் குடுக்குது. அதுல மணி போட்டிருக்கும். நேத்து எடுத்த பஸ் டிக்கெட்டக் காட்டி இன்னைக்கு ஏற முடியுங்களா? அதுமாதிரி எவனாச்சும் பழைய சீட்டத் திருடிட்டு வந்து உள்ள பூந்துடக் கூடாது பாருங்க. அதனால ரெண்டு மிஷினோட மணியும் அஞ்சு நிமிசத்துக்கு மேல வித்தியாசப்பட்டா, வந்திருக்கறது முதலாளியே ஆனாலும் சீட்டு செல்லாதுங்க."

மெயின் கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளிடம் மணி கேட்டு வைத்துக்கொண்டு, எஸ்டேட் முழுமைக்கும் அதுதான் மணி சொல்லும். கொழுந்து நிறுக்கும் தராசும், ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்பும், காலையிலும் மத்தியானமும் மாலையிலும் ஊதும் சங்கும் அதன் பேச்சைத்தான் கேட்கும். எல்லாக் கணக்குக்கும் நகல் எடுத்து வைக்கிற இன்னொரு கம்ப்யூட்டர் இரும்பு அறையில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் பாறையைக் குடைந்து, வெடிமருந்து வைக்கக் கட்டிய அறை. கனத்த இரும்புக் கதவு. கதவில் கார்டு காட்டித் திறக்கிற பூட்டு. கார்டு மறுக்கிற நாளில் திறக்க ஒரே ஒரு சாவி. உள்ளேயிருந்தும் அதே சாவிதான்.

இரண்டு வருசமாக இந்த ஒரு கம்ப்யூட்டர்மேல் மட்டும் புகார். வாரத்தில் மற்ற நாளெல்லாம் அறை திறந்தே கிடக்கும், கம்ப்யூட்டரும் ஒழுங்காக ஓடும். சனிக்கிழமை மாலை பூட்டிவிட்டுப் போய்த் திங்கட்கிழமை வந்து பார்த்தால், அதில் இன்னும் சனிக்கிழமை மாலையாகவே இருக்கும். பேட்டரி செத்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கம்பெனியிலிருந்து வந்த எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நாச்சிமுத்துவும் சொல்லியிருக்கிறான். பேட்டரியை மாற்று, மணியைத் தள்ளி வை, 'நேரம் சரி செய்யப்பட்டது' என்று புகாரை மூடு, அடுத்த பஸ்ஸைப் பிடி. அதுதான் பழக்கம்.

"போன மாசம்தான புதுசு போட்டேன்," என்று முனகிக்கொண்டே எழுந்தான்.

ஹெலன் சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே போனவள், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அது என்னங்க?"

"இட்லி மாவு. வீட்டுல ஃப்ரிட்ஜ் போனதுல இருந்து இங்கதான் வைக்கேன். லைன் வீட்டுப் பொம்பளைங்களும் சனிக்கிழமை கொண்டாந்து குடுப்பாங்க. தயிரு, மீன் குழம்பு எல்லாம். மேனேஜர் துரைக்குத் தெரியாது, சொல்லிராதீங்க." மூடியைத் திறந்து காட்டினாள். "ரெண்டு நாளாச்சு. பாருங்க, பொங்கவே இல்ல. இப்ப அரைச்சு வழிச்ச மாதிரி இருக்கு."

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். மாவின் மேல் ஹெலனின் விரல் தடம்கூடக் கலையாமல் இருந்தது. உப்புப் போட்டுக் கலக்கிய தடம்.

"குளுரு அத்தனை இருக்குதுங்களா?" என்று சுவரைத் தொட்டான். வெளிச்சுவர் அளவுக்குத்தான் குளிர்ச்சி. இந்தக் குளிரில் இரண்டு நாள் வைத்தால் எந்த இட்லி மாவும் பொங்கியிருக்கும்.

"ஒண்ணு பண்ணுங்க. சாவியக் குடுங்க. நான் உள்ள இருக்கறேன், கதவ நல்லாச் சாத்துங்கோ. சாத்துனா வயர் கியர் நசுங்குதான்னு பாத்துப்போடலாம்."

கதவு மூடியது. நாச்சிமுத்து பேட்டரியை மாற்றினான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சரி வைத்தான். வயரைக் கதவோரமாக விரலால் தடவிப் பார்த்தான். நசுங்கவில்லை. வேறே ஒன்றும் செய்யவில்லை. ஒரு பீடி குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என்னவோ சத்தம் வந்தது, மணலில் பொரி பொரிகிற மாதிரி, பொடிப் பொடியாய், படபடவென்று. எலியோ என்று நினைத்துச் சாவியைத் திருப்பினான்.

வெளியே ஹெலன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள். மேனேஜர் பிரபாகர் வியர்த்துப் போய் நின்றார். வாட்ச்மேன் கையில் கடப்பாரை.

"உள்ள செத்துக் கித்துப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டோம்ணே! கதவுத் துளையில பாத்தா செலை மாதிரி நிக்கிறீங்க. எத்தனை நேரமாத் தட்டுறது? கை வீங்கிப் போச்சு!"

"இப்பத்தானுங்க போனேன்."

"இப்பவா?" மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நாச்சிமுத்து அதைப் பார்த்தான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். திரும்பிப் போய் உள்ளே கம்ப்யூட்டரைப் பார்த்தான். கைக்கடிகாரமும் கம்ப்யூட்டரும் ஒரே மணி சொல்லின. சுவர்க் கடிகாரம் அவற்றுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போயிருந்தது.

அவன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பேட்டரி புதுசுங்க. எங்கைல கட்டியிருக்கறதுக்கும் இந்த மிஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. ரெண்டும் பேசி வெச்சுட்டா பொய் சொல்லும்?"

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "காலேஜ்ல ஒரு பாடம் வரும். நேரம் எல்லா இடத்துலயும் ஒரே வேகத்துல ஓடாது. ரொம்பக் கனமான பொருளுக்குப் பக்கத்துல மெதுவா ஓடும். மலை உச்சியில இருக்கறவனுக்கும் கடலோரத்துல இருக்கறவனுக்கும்கூட வித்தியாசம் உண்டு. ஆனா அது தூசியில பாதி. இப்படி..." அவர் அறையைப் பார்த்தபடி நிறுத்தினார். "இப்படியெல்லாம் கிடையாது."

"ரெண்டு வருசம் முன்ன மழையில பின்னாடி மலை சரிஞ்சு இறங்குச்சே சார்," என்றாள் ஹெலன். "அதுல இருந்துதான் மாவு பொங்கல."

நாச்சிமுத்து இரும்பு அறைக்குள் பார்த்தான். நாலு சுவர், ஒரு மேசை, ஒரு டியூப்லைட். பார்க்க ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் நுழைந்து, முக்கால் மணி நேரத்தை எங்கேயோ கொட்டிவிட்டு வந்திருக்கிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எத்தனை திங்கட்கிழமை இந்த மிஷினைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறான்! அது உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. திருத்துகிறேன் என்று பொய் சொல்ல வைத்தவன் அவன்தான்.

அப்போதுதான் வெளியே கூச்சல் கேட்டது.

கொழுந்துச் சாக்கை விரித்து, அதில் ஒரு பெண்ணைக் கிடத்தி, நாலு பெண்கள் நாலு மூலையையும் பிடித்து ஓட்டமாகத் தூக்கி வந்தார்கள். பதினோராம் நம்பர் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சந்தனமாரி. தேயிலைத் தூருக்குள் கை விட்டபோது நல்ல பாம்பு கடித்துவிட்டது. அவள் புருஷன் வேலாண்டி டிராக்டரை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தான். டிஸ்பென்சரி நர்ஸ் தேவகிருபை அதற்குள் கட்டுப் போட்டு, சலைன் ஏற்றி, பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள்.

"விசமுறிவு மருந்து இல்ல சார்," என்றாள் மேனேஜரிடம். "இருந்ததை எல்லாம் போன வாரம் பாம்பு கடிச்ச அந்த வடக்கத்திப் பையனுக்குப் போட்டாச்சு. டவுன் ஆஸ்பத்திரியில இருக்கு. ஜீப்ப எடுங்க."

"ஜீப் எங்கம்மா போறது? ஒன்பதாம் வளைவு சரிஞ்சு ரோடே இல்ல. இப்பத்தான் போன் வந்துச்சு. இந்தப் பனிமூட்டத்துல ஹெலிகாப்டரும் வராது."

"நான் போறேன்," என்றான் வேலாண்டி. "சரிஞ்ச மண்ணுல ஏறி அந்தாண்ட எறங்கிருவேன். ஆஸ்பத்திரில இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க."

"போயிட்டு வர சாயங்காலம் ஆயிருமேப்பா."

தேவகிருபை வேலாண்டியைப் பார்க்காமல் மேனேஜரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "இப்பவே கண் இமை தொங்குது சார். நாக்கு தடிச்சுப் போச்சு. ரெண்டு மணி நேரத்துல மூச்சு நின்னுரும்."

மெதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்டது. சாக்கின் மூலையைப் பிடித்திருந்த பெண் ஒருத்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹெலன் கையில் இன்னும் மாவுச்சட்டி இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள். "ரெண்டு நாளா மாவு பொங்கலையே. அங்க வச்சா விசமும் ஏறாதுல்ல?"

நாச்சிமுத்து சட்டியையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏறுமுங்க. ஆனா... மெல்ல ஏறும். நாம சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தா அவங்களுக்கு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்."

"பைத்தியமா?" என்றார் மேனேஜர். "உயிருக்குப் போராடற ஒரு பொம்பளைய உள்ள வச்சுப் பூட்டச் சொல்றீங்களா? அந்த ரூம் என்னன்னே நமக்குத் தெரியாது. நாளைக்கு யார் பதில் சொல்றது?"

"வெளிய வச்சிருந்தா மட்டும் யாரு சார் பதில் சொல்லுவா?" இது வேலாண்டி. குரல் உயரவில்லை. "எனக்கு ஒண்ணும் வெளங்கல. இவுக ரெண்டு பேரும் சொல்றது நெசமா சார்?"

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். "நெசம்தான்," என்றார்.

"அப்ப வைங்க. நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க." அவ்வளவுதான். சந்தனமாரியின் நெற்றியைப் புறங்கையால் ஒரு தரம் தொட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினான்.

கூட ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். மூச்சு தடுமாறினால் பலூன் பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். அது தேவகிருபைக்குத்தான் தெரியும். அவள் வாசலில் நின்று பிள்ளைக்காம்பரா பக்கம் பார்த்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. அவளுடைய ஐந்து மாதப் பையன் அங்கேதான் இருந்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"உங்களுக்கு அரை மணி, ஒரு மணி. அதுக்கு மேல இல்லீங்க."

"எனக்கு இல்லண்ணே. அவனுக்கு."

ஹெலன் மாவுச்சட்டியைப் படியில் வைத்தாள். "நான் பாத்துக்கிடுதேன், போம்மா. அழுதா பாலாடையில பால் குடுக்கேன்," என்றாள். தேவகிருபை முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நாச்சிமுத்து பழக்கத்தில் உள்ளே இருந்த மிஷினின் மணியைச் சுவர்க் கடிகாரத்துக்குச் சரி வைத்தான்.

"எதுனா ஆச்சுன்னா நீங்களே திறந்துட்டு வந்துடுங்க," என்று நாச்சிமுத்து சாவியை அவள் கையில் கொடுத்தான். நல்லதுக்குத்தான் கொடுத்தான். ஒரே சாவி. அவன் அதை நினைக்கவில்லை. கதவு மூடியது.

கதவில் கண் அளவுக்கு ஒரு கண்ணாடித் துளை உண்டு. முதலில் அதில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் டியூப்லைட்டின் வெள்ளை மஞ்சளாயிற்று. பிறகு செம்மஞ்சள். மத்தியானச் சங்கு ஊதி, சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க யாருக்கும் மனசு வராமல் ஓரமாக வைத்தபோது, அறைக்குள் வெளிச்சம் அவியப்போகிற அடுப்புத் தணலைப் போலச் சிவந்து கிடந்தது. தேவகிருபை பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு அமுக்கு அமுக்கி விடுவதற்குள் நாச்சிமுத்து நூறு எண்ணிவிட்டான்.

"எங்கூரு ஆத்துல நடு மத்தியானம் தண்ணி நின்ன மாதிரி இருக்குதுங்க," என்றான் மேனேஜரிடம்.

அவர் கண்ணை வைத்துப் பார்த்தார். சலைன் குழாயில் ஒரு சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை. அவர் கண்ணை எடுக்கவுமில்லை. வெகுநேரம் கழித்து, "விழுந்துடுச்சு," என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

பொழுது சாயச் சாய, கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாய் வரிசையில் வந்து துளையில் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் கழற்றினாள்.

ஹெலன் மடியில் குழந்தை முதலில் பாலாடையைத் தட்டிவிட்டது. பிறகு கதறியது. பிறகு குடித்தது. பிறகு மறுபடி கதறி, தொண்டை கட்டி, தூங்கிப்போனது. உள்ளே அதன் அம்மாவுக்கு இன்னும் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"இவன் இன்னைக்கு அழுதது அவளுக்குக் கேக்கவே கேக்காது, என்னண்ணே?" என்றாள் ஹெலன். "எங்க போகும் அந்த அழுகையெல்லாம்?"

சாயங்காலச் சங்கும் ஊதி முடிந்த பிறகு, முழங்கால் வரை சேறும் முகமெல்லாம் கீறலுமாக வேலாண்டி வந்து சேர்ந்தான். மருந்துப் பெட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தான். மேனேஜர் ஓடிப்போய்க் கதவில் கார்டைக் காட்டினார்.

நிமிடக் கணக்கில் காத்த பிறகு சிவப்பு விளக்கு. 'நேரம் ஒத்துப்போகவில்லை. அனுமதி இல்லை.'

"சாவி?" என்றார் மேனேஜர்.

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவி உள்ளே இருந்தது. தேவகிருபையின் மடியில், தணல் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு.

தட்டினார்கள். கத்தினார்கள். துளையில் பார்த்தால், தேவகிருபையின் முகம் கதவுப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. திரும்பி முடியவில்லை. கதவு மூடிக் கிடக்கக் கிடக்க உள்ளே நேரம் இன்னும் இன்னும் மெதுவாகிக்கொண்டே போயிருக்கிறது. அவள் முகம் திரும்பி, எழுந்து, நாலு எட்டு வைத்துச் சாவியைப் போடுவதற்குள் வெளியே எத்தனை நாள் ஆகுமோ, எத்தனை மாதம் ஆகுமோ.

"உடைச்சிரலாம்," என்றான் வேலாண்டி.

"வெடிமருந்துக்குப் போட்ட கதவுப்பா," என்றார் மேனேஜர். "மிஷின் கொண்டாந்து அறுக்கணும். அது ரோடு போட்டப்புறம். அதுக்குள்ள உள்ள இன்னும் எவ்வளவு..." முடிக்கவில்லை. ஹெலன் மடியில் குழந்தை விழித்துச் சிணுங்கியது.

நாச்சிமுத்து மெயின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். முதலில் பழக்கப்பட்டதைச் செய்தான். உள் கம்ப்யூட்டரின் மணியை இங்கிருந்தே முன்னால் தள்ளப் பார்த்தான். அதைத் தொடவே அனுமதி வேண்டும் என்றது. அனுமதிக்கு மணி ஒத்துப்போக வேண்டும். மணியை ஒத்துப்போக வைக்க அனுமதி வேண்டும். கயிறு தன் முடிச்சையே சுற்றிச் சுற்றி வந்தது. சரி என்று மெயின் கம்ப்யூட்டரின் மணியைப் பின்னால் இழுத்து வைத்தான். கார்டைக் காட்டினார்கள். உள்ளேயிருந்து பதில் வரக் காணோம். அங்கே கண் இமைக்கிற நேரம் இங்கே நிமிடக் கணக்கு. பதில் வருவதற்குள் மெயின் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஓடிவிட்டது. மறுபடியும் சிவப்பு.

"ஓடுது, ஓடுது," என்றான் நாச்சிமுத்து. "இதை இழுத்து வெச்சா பத்தாதுங்க. இது நிக்க மாட்டேங்குது."

எழுந்து போய்க் கண்ணாடித் துளையில் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தான். மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"சார். இத்தனை நாளா உள்ள இருக்கறத வெளிய இருக்கறதுக்குத் தக்கன மாத்திட்டிருந்தோம். இப்ப வெளிய இருக்கற அத்தனையும் உள்ள இருக்கறதுக்குத் தக்கன மாறட்டும். செயற்கைக்கோள அத்து விட்ரலாம். மணி சொல்ற வேலைய அந்த ரூம் மிஷினுக்குக் குடுத்துருவோம். அது ஒரு விநாடி எப்பச் சொல்லுதோ அப்பத்தான் நமக்கும் ஒரு விநாடி. மணி மட்டும் கேக்கறதுக்குச் சீட்டு வேண்டாங்க. ஆனா செயற்கைக்கோள அத்து விட உங்க பாஸ்வேர்டு வேணும்."

மேனேஜர் புரிந்துகொண்டார். "ஃபேக்டரி அடுப்பு, காத்தாடி, எல்லாம் இந்த மணியிலதான் ஓடுது. நின்னுச்சுன்னா இன்னைக்குப் பறிச்ச கொழுந்து மொத்தமும் கருகும், இல்ல அழுகும். முந்நூறு பேர் ஒரு நாள் பூரா முதுகு ஒடியப் பறிச்சது."

வாசலில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "பறிச்சவுக நாங்கதான சார்? அழுகினா அழுகிட்டுப் போவுது. நாளைக்கும் முளைக்கத்தான் செய்யுது அந்தச் சனியன். சந்தனமாரி முளைப்பாளா?"

மேனேஜர் குனிந்து பாஸ்வேர்டை அடித்தார். இரண்டு தரம் தப்பாக அடித்தார். மூன்றாவது தரம் ஏற்றுக்கொண்டது.

சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு எண்கள் ஒரு தரம் அணைந்து மறுபடி எரிந்தன. முற்பகல் என்று காட்டின. மத்தியானத்துக்குச் சில நிமிடம் இருந்தது. பிறகு எதுவும் அசையவில்லை. விநாடி எண் ஒரே இடத்தில் நின்றது. தூரத்தில் ஃபேக்டரியின் இரைச்சல் இறங்கி, தேய்ந்து, இல்லாமல் போனது. அந்த மலையில் அந்த இரைச்சல் இல்லாமல் யாரும் நின்றதே இல்லை. அப்போதுதான் மலைக்கே ஒரு சத்தம் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. இலையிலிருந்து இலைக்குத் தண்ணீர் சொட்டியது. எங்கேயோ ஒரு பறவை ஒரே ஒரு தரம் கூப்பிட்டது. உள்ளே இருந்த ஒரு பெண்ணின் நிதானத்துக்கு அந்த எஸ்டேட் மொத்தமும் தன் நடையைக் குறைத்துக்கொண்டு நின்றது.

வேலாண்டி கார்டை வாங்கித் தானே கதவில் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்ல அங்கே கடிகாரம் ஒன்றும் மிச்சமில்லை. நாச்சிமுத்து தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. சிவப்பு விநாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் ஆயுசில் இத்தனை பெரிய விநாடியை அவன் கண்டதில்லை. உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுக்கலாம் போல அகலமாக இருந்தது.

எண் மாறியது.

பச்சை விளக்கு எரிந்தது. இரும்புத் தாழ்ப்பாள் 'கட்' என்று விட்டது. கதவு விலகியதும் தணல் வெளிச்சம் மஞ்சளாகி, வெள்ளையாகி, கண்ணைக் கூசவைத்தது. தேவகிருபையின் முகம் திரும்பி முடிந்தது.

"யாரோ தட்டுன மாதிரி..." என்று ஆரம்பித்தவள் வேலாண்டியைப் பார்த்து நிறுத்தினாள். "போகலையா நீங்க இன்னும்?" அப்புறம்தான் அவன் முழங்கால் சேற்றையும், நீட்டிய பெட்டியையும் பார்த்தாள். ஊசியை எடுத்தாள்.

மருந்து ஏறியது. எல்லாரும் சந்தனமாரியின் நெஞ்சையே பார்த்தார்கள். பலூன் பை ஒரு தரம் அமுங்கியது. இன்னொரு தரம். பிறகு தேவகிருபை கையைத் தளர்த்திப் பார்த்தாள். பை அமுங்காமலே நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

ஹெலன் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். தேவகிருபை வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் மை கரைந்து காய்ந்துபோன கண்ணீர்க்கோடு. "காலையில மை வச்சு விட்டேனே, இப்பத்தானே வச்சு விட்டேன்," என்றாள். விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள். துடைக்கவில்லை.

அந்த நேரத்தில் சங்கு ஊதியது.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பனி படிக்கட்டுவரை வந்துவிட்டது. அந்த மங்கலில், சோலைக்கரடு முழுக்கக் கேட்கும்படி, மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு நீளமாக ஊதியது. நாச்சிமுத்து திடுக்கிட்டான். மணியைத் திருப்பி வைக்க மறந்துவிட்டிருந்தான். அறை திறந்ததும் அதன் மணி நடக்கத் தொடங்கி, அதன் பின்னாலேயே மலை முழுக்க நடந்து, இப்போது பன்னிரண்டு ஆகியிருக்கிறது.

கிடந்த இடத்தில் சந்தனமாரியின் உதடு அசைந்தது. தடித்த நாக்கால் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினாள்.

"சோத்துச்... சங்கா?"

வேலாண்டி அவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். வெளியே இருட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஆமா," என்றான்.

"நீ... தின்னியா?"

"இனிமேத்தான்."

வெற்றிலை போட்டவள் படியில் உட்கார்ந்து, காலையில் கட்டி வந்து திறக்காமலே வைத்திருந்த தூக்கைத் திறந்தாள். "சங்கு ஊதிருச்சில்ல, உக்காருங்கடி," என்றாள். ஒருத்தி சிரித்தாள். சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஹெலன் தன் டிபன் பாக்ஸை நாச்சிமுத்து பக்கம் தள்ளினாள். மேனேஜர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்று, கடைசியில் படியிலேயே உட்கார்ந்தார். ஒரு பெண் அவர் கையில் ஒரு சோற்று உருண்டையை வைத்தாள்.

நாச்சிமுத்துவின் போன் அடித்தது. கம்பெனியில் புகார் வாங்குகிற பெண்.

"சோலைக்கரட்டுலயா இருக்கீங்க? என்ன ஆச்சு அங்க? ஒரு மிஷின் பின்னாடி இருக்குன்னு அனுப்பினா, இப்ப அத்தனை மிஷினும் பின்னாடி இருக்கு. இங்க ஸ்கிரீன் பூரா சிவப்பு. எதுல தப்பு?"

நாச்சிமுத்து வாயிலிருந்த கவளத்தை விழுங்கினான். இரும்பு அறையின் வெளிச்சத்தில் சந்தனமாரியின் நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"எதுலயும் தப்பில்லீங்க," என்றான். "இங்க மணி பன்னெண்டுதான். சோறு திங்கறோம். கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க."